கிழங்குப் பூச்செடிகளுக்கு உரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பங்கி, மழை லில்லி, அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி, கிளாடியோலஸ், செங்காந்தள் எனக் கிழங்கிலிருந்து முளைக்கும் பூச்செடிகளை மாடியிலும் கொல்லையிலும் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. அளவுகள் தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்றவை. தேக்கரண்டி என்று வரும் இடங்களில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 கிராம் என்று கொள்ளுங்கள். யூரியா மட்டும் லேசானது. அதில் 4 கிராம்தான் பிடிக்கும்.

1. கிழங்குக்குள்ளேயே சாப்பாடு இருக்கே, அப்புறம் எதுக்கு உரம்?

நர்சரியில் வாங்கி வந்து நட்ட கிழங்கு முதல் முறை பூக்க உங்கள் உரம் தேவையில்லை என்பது உண்மைதான். அந்தப் பூவைத் தள்ளிக் கொண்டுவரும் மாவுச்சத்து போன பருவத்திலேயே உள்ளே சேர்ந்துவிட்டது; அமரில்லிஸ் போன்றவற்றில் மொட்டும்கூட. பூத்து முடித்த கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் சுருங்கித் தளர்ந்திருக்கும். அது மறுபடி பருத்தால்தான் அடுத்த பூ. பருக்க வைப்பது இலை. இலையைத் தழைக்க வைப்பது வேரும் உரமும். ஆக, இன்று நீங்கள் போடும் உரம் அடுத்த பருவத்துப் பூவுக்கான உரம். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

அமரில்லிஸில் இது கண்கூடாகத் தெரியும். கிழங்குக்குள் ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு மொட்டு என்ற கணக்கில் உருவாகிறது. ஆண்டு முழுக்க நான்கே இலை விட்ட செடியிடம் இரண்டு பூந்தண்டு எதிர்பார்க்க முடியாது.

2. நடும்போது தொட்டி மண்ணில் என்னென்ன கலக்கணும்?

12 அங்குலத் தொட்டிக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ 1 பங்கு. அதனுடன் வேப்பம்புண்ணாக்குத் தூள் 50 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 தேக்கரண்டி. சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் நகராது. மேலே தூவினால் மேலேயே நின்றுவிடும் என்பதால் அதை நடும்போதே வேர் போகும் ஆழத்தில் கலந்துவிட வேண்டும். யூரியா, டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) இரண்டும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். எம்-சாண்ட் பயன்படுத்தினால் மாவு போகும்வரை கழுவிக்கொள்ளுங்கள். அந்த மாவு வடிகாலை அடைத்துவிடும்.

தென்னை நார்க்கழிவு கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கீரைக்கு அது நல்லது. கிழங்குக்கு அதே குணம்தான் எதிரி. கிழங்கின் அடித்தட்டு (வேர் கிளம்பும் அடிப்பகுதி) எருவில் நேராகப் படாதபடி ஒரு பிடி மணலைப் பரப்பி அதன் மேல் உட்கார வையுங்கள். பச்சைச் சாணம் எந்த வடிவிலும் கூடாது: மக்கும்போது சூடு கிளம்பும், வண்டுப் புழுவும் கூடவே வரும், அது கிழங்கையே குடையும்.

ஆழமும் முக்கியம். சம்பங்கியும் மழை லில்லியும் ஓர் அங்குலம் மண் மூடினால் போதும். அமரில்லிஸின் கழுத்தும் தோளும் வெளியே தெரிய வேண்டும். கிளாடியோலஸ் 3 முதல் 4 அங்குல ஆழம். ஆழம் தவறிய கிழங்குக்கு எவ்வளவு உரம் கொடுத்தாலும் இலையோடு நின்றுவிடும்.

3. நட்டு எத்தனை நாள் கழிச்சு முதல் உரம்?

நாளை எண்ணாதீர்கள், இலையை எண்ணுங்கள். இரண்டு மூன்று இலை விரிந்தால் கீழே வேர் ஓடியிருக்கிறது என்று அர்த்தம், அப்போது தொடங்கலாம். சம்பங்கியில் இது பெரும்பாலும் ஒரு மாதத்தில் வரும். வேர் இல்லாத கிழங்கைச் சுற்றி உரம் கரைந்து நின்றால் அதை உறிஞ்ச ஆளில்லை. உப்புதான் கூடும், அடித்தட்டு அழுகும். நட்ட மறுநாளே உரத் தண்ணீர் ஊற்றி அழுகவிட்டவர்கள் ஏராளம்.

அமரில்லிஸ் சில சமயம் இலைக்கு முன்னால் பூந்தண்டை நீட்டும். அதைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். தண்ணீர் மட்டும் போதும். இலை வந்த பிறகு உரம்.

4. 19:19:19 எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

இந்த எண்கள் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் உரத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டும். லிட்டருக்கு 2 கிராம். 12 அங்குலத் தொட்டிக்கு அந்தக் கரைசலில் அரை லிட்டர், 8 அங்குலத் தொட்டிக்கு 200 மில்லி, 15 நாளுக்கு ஒரு முறை. முதல் நாள் மாலை வெறும் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலை ஈர மண்ணில் உரத் தண்ணீர். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் நுனி கருகும். பூத்து முடிந்த பிறகு ஒரு முறை 19:19:19, அடுத்த முறை 13:0:45 என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். 13:0:45-இல் சாம்பல்சத்து அதிகம்; இலையில் தயாராகும் மாவுச்சத்தைக் கிழங்குக்கு இறக்க அது தேவை.

தரையில் சம்பங்கிப் பாத்தி போட்டிருந்தால் தனிச்சத்து உரங்களே சிக்கனம். வயலில் ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும் தலா 200 கிலோ வரை இடுவது உண்டு. வீட்டில் எருவும் போடுவோம், சந்தைக்கும் பூ பறிப்பதில்லை என்பதால் அதில் பாதி போதும். 10 சதுர அடிக்கு ஆண்டுக்கு யூரியா 20 கிராம், சூப்பர் பாஸ்பேட் 60 கிராம், மூரியேட் ஆஃப் பொட்டாஷ் 15 கிராம். சூப்பர் முழுவதும் நடும்போதே. மற்ற இரண்டையும் மூன்றாகப் பிரித்து முதல் மாத முடிவிலும் பிறகு இரண்டிரண்டு மாத இடைவெளியிலும் கொடுங்கள். ஒரு முறைக்கு யூரியா ஒன்றரைத் தேக்கரண்டி, பொட்டாஷ் ஒரு தேக்கரண்டி. வரிசைகளுக்கு நடுவே கீறி, தூவி, மூடி, தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தூரின் மேல் கொட்டக் கூடாது.

5. ரசாயனமே வேண்டாம். இயற்கை உரம் மட்டும் போதுமா?

போதும், ஆனால் அளவு குறையக் கூடாது. மாதம் ஒரு பிடி என்று மண்புழு உரம் போட்டுவிட்டு சம்பங்கி பூக்கவில்லை என்பதில் நியாயமில்லை. அது வயிறு பெரிய செடி. 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் 200 கிராம் மண்புழு உரம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 30 கிராம் வேப்பம்புண்ணாக்கு. வளரும் பருவத்தில் 15 நாளுக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்குத் தண்ணீர்: 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை மட்டும் எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றவும். கசடைத் தொட்டியில் கொட்டினால் ஈயும் பூஞ்சணமும் வரும். பஞ்சகவ்யா தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு.

இந்த முறையில் குறைவது சாம்பல்சத்து. விறகு அடுப்புச் சாம்பல் கிடைத்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு தேக்கரண்டி போடலாம். ஆனால் போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீட்டில் சாம்பலைத் தவிர்ப்பது நல்லது. சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும்; மீதிக் காரணம் அடுத்த பதிலில்.

6. கிழங்குச் செடின்னா எலும்புத் தூள்தான்னு எல்லா வீடியோவிலும் சொல்றாங்களே?

புளிப்பான மண் உள்ள ஊர்களில் அது சரி. எலும்புத் தூளில் இருக்கும் மணிச்சத்து கரைய மண்ணின் அமிலத்தன்மை தேவை; கார அமில எண் (pH) 7-க்குக் கீழே இருந்தால்தான் அது மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். நம் சமவெளிகளில் சுண்ணாம்பு கலந்த மண்ணும் உப்புத் தண்ணீரும் அதிகம். எண் 8-ஐத் தொடும் இடங்கள் பல. அங்கே போட்ட எலும்புத் தூள் போட்டபடியே கிடக்கும். நாய்க்கும் எலிக்கும் வாசனை பிடித்துப்போய்த் தொட்டியைக் கிளறுவதுதான் மிச்சம்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மண் புளிப்பானது. அங்கே நடும்போது தொட்டிக்கு இரண்டு தேக்கரண்டி போட்டால் பலன் உண்டு. சமவெளியில் சூப்பர் பாஸ்பேட்டே போதும்; இயற்கை முறைதான் வேண்டும் என்றால் நன்கு மக்கிய எருவைக் கூடுதலாகப் போடுங்கள்.

7. முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், டீத்தூள், அரிசி களைஞ்ச தண்ணி?

முட்டை ஓடு சுண்ணாம்பு. மேலே சொன்ன மண்ணில் சுண்ணாம்புக்குக் குறைச்சல் இல்லை, விட்டுவிடுங்கள். தோலும் டீத்தூளும் மக்கு உரத் தொட்டிக்குப் போகட்டும். சர்க்கரை போட்டுக் கொதித்த டீத்தூளை நேராகச் செடியில் போட்டால் எறும்பு வரும், எறும்போடு மாவுப்பூச்சி வரும். அரிசி களைந்த தண்ணீர் அன்றைக்கே ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் அதை உரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

8. இலை தளதளன்னு வருது, பூ மட்டும் வரவே இல்லை. எந்த உரம் போடணும்?

முதலில் உரத்தை மறந்துவிட்டு வெயிலைப் பாருங்கள். சம்பங்கிக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். பால்கனி நிழலில் அது புல்லாகத்தான் இருக்கும். அடுத்தது கிழங்கின் பருமன். சம்பங்கிக் கிழங்கு ஒன்றரை செ.மீ. விட்டத்துக்குக் குறைந்தால் அந்த ஆண்டு பூக்காது. அமரில்லிஸ் சுற்றளவு 18 முதல் 20 செ.மீ. வந்த பிறகுதான் நம்பிப் பூக்கும். தாய்க் கிழங்கிலிருந்து பிரித்த குட்டிகளை நட்டிருந்தால் இரண்டு ஆண்டு வளர்க்கப் பொறுமை வேண்டும்.

இவை இரண்டும் சரி என்றால் தழைச்சத்து மிஞ்சியிருக்கலாம். பக்கத்துக் கீரைத் தொட்டிக்கு ஊற்றும் யூரியாத் தண்ணீரை இதற்கும் ஊற்றுபவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இலை நீண்டு தொய்ந்து கரும்பச்சையாக இருந்தால் அதுதான். யூரியாவையும் புண்ணாக்குத் தண்ணீரையும் இரண்டு மாதம் நிறுத்திவிட்டு 13:0:45 மட்டும் கொடுங்கள். பலன் இந்தப் பருவத்திலேயே தெரிய வேண்டும் என்பதில்லை. முதல் பதிலில் சொன்ன கணக்குதான்.

9. பூத்து முடிஞ்சதும் இலையை வெட்டிடலாமா? உரத்தையும் நிறுத்திடலாமே?

இரண்டும் கூடாது. நடக்கும் தவறுகளில் அதிக சேதம் செய்வது இதுதான். பூ போனதும் தொட்டியை மூலையில் தள்ளிவிட்டு, அடுத்த ஆண்டு பூக்கும் காலத்தில் திரும்ப எடுத்து உரம் கொட்டுகிறார்கள். உரம் தேவைப்படுவது அந்த இடைப்பட்ட காலத்தில். பூ வாடியதும் பூந்தண்டை மட்டும் அடியில் வெட்டுங்கள். விதைக்காய் பிடித்தால் கிழங்குக்குப் போக வேண்டிய சத்து விதைக்குப் போய்விடும். இலை பச்சையாக இருக்கும்வரை வெயில், தண்ணீர், 4-ஆம் பதிலில் சொன்ன உரம் மூன்றும் தொடர வேண்டும்.

ஃபுட்பால் லில்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சிவப்புப் பந்து போலப் பூத்து ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இலை அதன் பிறகுதான் அகலமாக விரியும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஊட்டினால்தான் அடுத்த மே மாதம் பந்து. கிளாடியோலஸில் நட்ட கிழங்கே சுருங்கிப் போய், அதன் தலையில் புதுக் கிழங்கு உருவாகும். பூத்த பின் ஆறிலிருந்து எட்டு வாரம் இலை நின்றால்தான் அது முற்றும்.

இலையைத் தின்னும் புழுவும் இதே கேட்டைத்தான் செய்கிறது. கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளுடன் லில்லி வகைகளிலும் செங்காந்தளிலும் கூட்டமாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் செடியை மொட்டையாக்கிவிடும். கண்டதும் கையுறை போட்டுப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஜூலையில் புழு தின்ற இலைக்கு விலை அடுத்த ஆண்டுப் பூ.

10. இலையெல்லாம் காய்ஞ்சு படுத்துடுச்சு. இப்ப உரம் போட்டா எழுந்திருக்குமா?

தூங்கும் கிழங்குக்கு உரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஃபுட்பால் லில்லி நவம்பரிலிருந்து மார்ச் வரையும், செங்காந்தள் ஜனவரி வாக்கிலிருந்து கோடை மழை வரையும் உறங்கும். எழும் நேரம் வந்தால் தானே முளைக்கும். முளை கண்ட பிறகு 3-ஆம் பதிலைப் பின்பற்றுங்கள்.

அமரில்லிஸ் நம் ஊரில் முழுதாக உறங்காது. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஆறு முதல் எட்டு வாரம் உரத்தை நிறுத்தித் தண்ணீரையும் வெகுவாகக் குறைத்தால் மார்ச் வாக்கில் ஒன்றாகப் பூக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது உறங்கும் தொட்டிகளைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள். விழித்திருக்கும் சம்பங்கிக்கும் அடைமழை நாளில் உரம் வேண்டாம். ஊற்றியது அத்தனையும் வடிகால் துளை வழியே போய்விடும்.

11. மழை லில்லிக்கு என்ன உரம் போட்டாலும் பூக்கலை. ஆனா மழை பெஞ்சா பூக்குது. என்ன மர்மம்?

மண்ணின் காய்ச்சலுக்குப் பிறகு வரும் நனைச்சல்தான் அதற்குச் சைகை, உரம் அல்ல. தினமும் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் தொட்டிக்குக் காய்ச்சலே கிடைப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி, இலை தொய்யத் தொடங்கியதும் தொட்டி வழிய ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் மொட்டு எழும். கிழங்கில் சரக்கு இருந்தால் இதை ஆண்டுக்குப் பல முறை செய்யலாம். அந்தச் சரக்குக்கு, ஒவ்வொரு பூப்புக்குப் பிறகும் ஒரு முறை 19:19:19 போதும். கூட்டமாக நெருங்கி வளர்வது அதற்குப் பிடிக்கும். பிரிக்க அவசரம் வேண்டாம்.

12. இலை மஞ்சளாகுது. என்ன சத்துக் குறைவு?

எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது அந்த இலைக்கு வயதாகிவிட்டது. புது இலையில் நீளவாக்கில் பச்சைக் கோடும் மஞ்சள் கோடும் மாறி மாறித் தெரிந்தால் இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் பூட்டிக் கிடக்கிறது. யூரியா போட்டால் தீராது. இரும்பு சல்பேட் லிட்டருக்கு 3 கிராம், நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கரைத்து, உடனே மாலையில் இலையில் தெளிக்கவும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மண்ணில் ஊற்றுவதானால் கீலேட் வடிவ இரும்பில் ‘இடிடிஎச்ஏ’ (EDDHA) என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மற்ற கீலேட்டுகள் காரமான மண்ணில் நிலைப்பதில்லை.

எல்லா இலையும் ஒரே நேரத்தில் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்தால் அது அழுகல். அப்போது எந்த உரமும் நோயைத்தான் வளர்க்கும். கிழங்கைத் தோண்டி, அழுகியதைச் சீவிவிட்டு, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திப் புது மண்ணில் நடவும்.

13. கை தவறி உரம் அதிகமாப் போட்டுட்டேன். காப்பாத்த முடியுமா?

உடனே செய்தால் முடியும். குருணை தெரிந்தால் மேல்மண் ஓர் அங்குலத்தைச் சுரண்டி எடுங்கள். பிறகு தொட்டியில் உள்ள மண்ணின் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். 12 அங்குலத் தொட்டியில் ஏறக்குறைய 15 லிட்டர் மண் பிடிக்கும் என்றால் 30 லிட்டருக்குக் குறையாமல், நாலைந்து தவணையாக, ஒவ்வொன்றும் வடிந்த பிறகு அடுத்தது. மழைத் தண்ணீரோ குடிநீரோ நல்லது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் வழிந்து நிற்பதைக் கொட்டிவிடுங்கள். ஒரு மாதம் உரம் கிடையாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும் வீடுகளில், அதிக உரம் போடாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்படிக் கழுவுவது நல்லது.

உறங்கும் கிழங்கு என்றால் இந்த வைத்தியம் கூடாது. அவ்வளவு தண்ணீரில் அழுகிவிடும். எடுத்துத் துடைத்து வேறு மண்ணில் வையுங்கள்.

14. சம்பங்கி முதல் வருஷம் அள்ளிக் கொடுத்தது, மூணாவது வருஷம் குச்சி குச்சியா வருது. உரத்தை இரட்டிப்பாக்கவா?

வேண்டாம், தோண்டுங்கள். ஒரு கிழங்கு அதற்குள் இருபது முப்பதாகப் பெருகி ஒன்றின் மேல் ஒன்று நெருக்கிக் கிடக்கும். எல்லாம் இலை விடும், எதுவும் பருக்காது. பருமனானவற்றைப் பிரித்து, 2-ஆம் பதிலில் சொன்ன கலவையில் புதிதாக நடவும். தொட்டியில் இரண்டு ஆண்டு, தரையில் மூன்று ஆண்டு. அதற்கு மேல் இழுத்தால் உரச்செலவுதான்.

தோண்டும்போது வேரைக் கவனியுங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த வேர் போட்ட உரத்தை மேலே அனுப்பாது. அந்த மண்ணில் திரும்ப நடாதீர்கள். புது மண்ணில் வேப்பம்புண்ணாக்கை இரட்டிப்பாக்குங்கள். பெங்களூர் ஐஐஎச்ஆர் (இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்) வெளியிட்ட ஸ்ரிங்கார், சுவாசினி ரகங்கள் இந்த நூற்புழுவை ஓரளவு தாங்கும்.

15. செங்காந்தளுக்குத் தனி உரம் இருக்கா?

உரம் தனி இல்லை, அளவு குறைவு. பற்றிப் படரும் செடி. தழைச்சத்து மிஞ்சினால் கொடி நீண்டு பூ குறையும். முளைத்த ஒரு மாதத்திலும் மொட்டு தெரியும்போதும் 19:19:19, பூ முடியும் தறுவாயில் 13:0:45 இரண்டு முறை. சாமான்யமாக இதுவே போதும். ‘வி’ வடிவக் கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. மேலுரம் போட மண்ணைக் கிளறும்போது அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. கிளறாமல் கரைத்தே ஊற்றுங்கள்.

மாநில மலர் என்பதால் ஆசையாக வாங்குகிறார்கள். செடி முழுக்க, குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. எடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்கக் கூடாது. பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காய்ந்த கொடியை ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள்.

16. கிளாடியோலஸ் இலை நுனி கருகுது. உரம் பத்தலையா?

பெரும்பாலும் உப்புத் தண்ணீரும் வெயிலும்தான். ஆனால் இந்தச் செடிக்கு ஃபுளோரைடு ஆகாது. சூப்பர் பாஸ்பேட்டில் அது கொஞ்சம் உண்டு, சில ஊர்ப் போர்வெல் தண்ணீரிலும் உண்டு. நுனி மட்டும் சீராகக் கருகினால் அடுத்த முறை நடும்போது சூப்பரை விட்டுவிட்டு எருவைக் கூட்டுங்கள். மணிச்சத்துக்கு 19:19:19 போதும்.

17. உரங்களை ஒரே வாளியில் கலக்கலாமா?

யூரியாவும் பொட்டாஷும் கலக்கலாம். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் மணிச்சத்து உரத்தோடும் சல்பேட் உரத்தோடும் சேர்க்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். சாம்பலும் யூரியாவும் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற உயிர் மருந்துகளை எருவோடு கலந்து கொடுங்கள். ரசாயன உரம் ஊற்றியிருந்தால் ஒரு வாரமும், பூஞ்சைக்கொல்லி ஊற்றியிருந்தால் இரண்டு வாரமும் இடைவெளி விடவும்.